கோடாலி பிடித்த தொண்டர்கள்

பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்ததை நம்மில் பலர் டி.வி.யில் பார்த்திருப்போம். ஊசிக்கோபுரம் சரிந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். அது 19-ஆம் நூற்றாண்டில் வைத்தது. உண்மையான இழப்பு அதற்குக் கீழே. கல் வளைவுக்கும் ஈயக் கூரைக்கும் நடுவில், சுமார் 800 வருஷத்துக்கு முன் தச்சர்கள் ஓக் மரத்தில் கட்டிய கூரைச் சட்டகம். மரம் அவ்வளவு இருந்ததால் அதற்குக் 'காடு' என்றே பெயர். ஒரே ராத்திரியில் காடு கரியாப் போச்சு.

உடனே சர்ச்சை கிளம்பியது. இரும்பில் கட்டலாமே, கான்கிரீட்டில் கட்டலாமே என்றார்கள். முன்னுதாரணமும் இருந்தது. ஷார்த்ர் தேவாலயக் கூரை 1836-இல் எரிந்தபின் இரும்பில்தான் கட்டினார்கள். முதல் உலகப் போரில் எரிந்த ரெய்ம்ஸுக்குக் கான்கிரீட். 'அவ்வளவு பெரிய மரம் எங்கே? காய வருஷக்கணக்காகுமே? கோடாலியால் செதுக்க இன்று யாருக்குத் தெரியும்?' இவைதான் கேள்விகள்.

பதில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 'எல்லையற்ற தச்சர்கள்' என்ற அமைப்பை பிரான்ஸ்வா கலாம் என்ற இனவியலாளர் தொடங்கினார். பல நாட்டுத் தச்சர்கள் கூலி வாங்காமல் ஒன்றுகூடி, பழைய கட்டடங்களைப் பழைய முறையிலேயே பழுதுபார்ப்பது இவர்கள் வழக்கம். 2020 ஜூலையில் நார்மண்டியில் சுமார் 25 பேர் கூடி, எரிந்துபோன சட்டகத்தின் 7-ஆம் எண் முக்கோணத்தை அப்படியே செய்தார்கள். அளவுக்கு என்ன செய்தார்கள் என்கிறீர்களா? தீ விபத்துக்குச் சில வருஷம் முன்பே ஃப்ரோமோன், த்ராந்தஸோ என்ற இரு கட்டடக் கலைஞர்கள் அந்தக் காட்டை அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். அந்த வரைபடம் மட்டும் இல்லையென்றால் கதை வேறு.

செய்முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரத்தைக் காயவைப்பதில்லை, பச்சையாகவே செதுக்குவது. ஒரு மரத்துக்கு ஒரே உத்தரம், நடுத்தண்டு நடுவிலேயே இருக்கும். மில் வாள் நேர்க்கோட்டில்தான் போகும், நார் குறுக்கே அறுபடும். கோடாலியோ மரத்தின் வளைவை அனுசரித்து நாரோடு போகும். அதனால் பலம் குறையாது. பிறகு தரையில் முழு அளவில் கோடு போட்டு, அதன்மேல் மரங்களை அடுக்கி, தூக்குக்குண்டு பிடித்துப் பொருத்து வெட்டுவார்கள். நம்ம ஊர் ஆச்சாரி கையில் இருக்கும் அதே குண்டுதான்! ஒன்றின் நாக்கு மற்றதன் துளைக்குள் போய், மர முளையால் இறுகும். இந்தக் கோடு போடும் கலையை யுனெஸ்கோ 2009-இல் பட்டியலில் சேர்த்தது.

செப்டம்பர் 19 அன்று, நோத்ர்தாம் வாசலிலேயே, ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ள அந்த முக்கோணத்தைக் கயிறு கட்டிக் கையாலேயே தூக்கி நிறுத்தினார்கள். மரத்திலேயே கட்டலாம் என்று ஜூலையிலேயே முடிவாகியிருந்தது. ஆனால் கையால் முடியுமா என்ற சந்தேகம் அன்றுதான் பலருக்கும் தீர்ந்தது. என் அபிப்பிராயத்தில் நூறு ஆய்வறிக்கை செய்யாததை அந்த ஒரு நாள் செய்தது.

பிறகு வேலை நிறுவனங்களிடம் போனது, சம்பளத்தோடு. ஊசிக்கோபுரத்தையும் சேர்த்து சுமார் 2,000 ஓக் மரங்கள். கோடாலிகளைக்கூடப் புதிதாக அடித்து வாங்கினார்கள். 1997 முதல் பர்கண்டியில் 13-ஆம் நூற்றாண்டு முறையில் கட்டப்பட்டுவரும் கெதலோன் கோட்டையில் கைப்பழக்கம் பெற்ற தச்சர்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். மாணவத் தம்பி தங்கைகள் கவனிக்கவும்: அங்கே வெளியாட்களும் சில நாள் தங்கி வேலை செய்யலாம்.

2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது. புதுக் காடு மறுபடி கூரைக்குள் மறைந்துவிட்டது. கோடாலித் தழும்புகளை இழைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.