காரியவட்டத்தில் ஓர் இறுதி ஆட்டம்

2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் கிரீன்ஃபீல்டு அரங்கம் கட்டப்பட்டது. மறு ஆண்டே, 2016 ஜனவரி 3 அன்று, தெற்காசியக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் அங்கே நடந்தது. இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் தொடர்ந்து மூன்றாம் முறையாக இறுதியில் மோதின. 2011இல் டெல்லியில் இந்தியா 4–0 என வென்றது. 2013இல் காட்மாண்டுவில் 0–2 எனத் தோற்றது. ஆட்டத்துக்கு முந்தைய கணிப்புகள் இந்த இரண்டு முடிவுகளையே சுற்றி வந்ததில் வியப்பில்லை.

இந்தியாவின் கவலை தடுப்பு வரிசை. அரையிறுதியில் மாலத்தீவை 3–2 என்றுதான் தாண்ட முடிந்தது. ஆப்கானியரோ இலங்கையை 5–0 என நொறுக்கியிருந்தனர். உடல்வலுவிலும் அவர்கள் கை ஓங்கியிருந்தது. பலர் ஐரோப்பாவில் ஆடிப் பழகியவர்கள். இந்தியாவின் நம்பிக்கை முழுக்க முன்கள வீரர்களான சுனில் சேத்ரி, ஜெஜே இணையின் மேல்தான்.

அந்தக் கணக்கு பிசகவில்லை. 70ஆம் நிமிடத்தில் சுபைர் அமிரி ஆப்கானிஸ்தானை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். இரண்டே நிமிடத்தில் ஜெஜே சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 101ஆம் நிமிடத்தில், சேத்ரி அடித்த கோல் 2–1 என இந்தியாவுக்குக் கோப்பையைத் தந்தது.