'பைப் மேனியா' மாதிரி ஒரு கேமை நாமே எழுதி இலவசமாகக் கொடுக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

1990களில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கை வைத்தவர்களுக்கு இந்த விளையாட்டு ஞாபகம் இருக்கலாம். திரையில் கட்டம் கட்டமாக ஒரு பலகை. ஓரத்தில் நேர்க்குழாய், வளைவுக்குழாய், குறுக்குக்குழாய் என்று துண்டுகள் வரிசையில் நிற்கும். வருகிற வரிசைப்படிதான் வைக்க வேண்டும், திருப்பி வைக்க முடியாது. சில விநாடிகள்தான் அவகாசம். அதற்குள் திரவம் கிளம்பிவிடும். பாதை போடாத இடத்துக்கு அது வந்துவிட்டால் ஆட்டம் போச்சு.

அந்த கேமின் பெயர் 'பைப் மேனியா'. 1989-ல் பிரிட்டனின் 'தி அசெம்ப்ளி லைன்' நிறுவனம் உருவாக்கியது. அமெரிக்காவில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் இதை 'பைப் டிரீம்' என்ற பெயரில் விற்றது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் விளையாட்டுத் தொகுப்பிலும் இடம்பிடித்ததால் உலகம் முழுக்கப் பரவியது. 2007-ல் வந்த 'பயோஷாக்' கேமில் இயந்திரங்களை ஹேக் செய்யும் கட்டம்கூட இதே குழாய் ஆட்டம்தான்.

இன்று போனில் தேடினால் இதே மாதிரி ஏகப்பட்ட கேம்கள் வந்து நிற்கும். பலதும் 'இலவசம்' என்கின்றன. அப்படியென்றால் இதை யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாமா?

ஏரலை வைத்து ஒரு கணக்கு

ஏரலில் ஒரு கல்லூரி மாணவி இதே கேமை ஊருக்கு ஏற்ற மாதிரி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குழாய்க்குப் பதில் வாய்க்கால், திரவத்துக்குப் பதில் தாமிரபரணித் தண்ணீர். ஆட்டம் தொடங்கும் இடம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. கோடைமேலழகியானில் தொடங்கும் 8 அணைக்கட்டுகளில் இதுதான் கடைசி. இங்கிருந்துதான் வடகாலும் தென்காலும் பிரிகின்றன. தண்ணீர் வருவதற்குள் வாய்க்காலை இணைத்து, கடைமடை வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வாழை, நெல் போட்டிருக்கும் அந்தப் பக்கத்து விவசாயிக்கு இந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்த ஊர் அது. தண்ணீர் நமக்காகக் காத்திருக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சரி, இந்த கேமை அவர் வெளியிட்டால் வழக்கு வருமா?

விதி யாருக்கும் சொந்தமில்லை

'தண்ணீர் வருமுன் பாதையை இணை' என்பது ஒரு யோசனை. யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. தன் நாடகத்தைத் திருடிப் படம் எடுத்துவிட்டார்கள் என்பது அவர் புகார். கருவுக்கோ யோசனைக்கோ காப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று சொல்லி அவர் மனுவை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆனா, கேமில் விதி மட்டுமா இருக்கிறது? கம்ப்யூட்டர் நிரல் இருக்கிறது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி நிரலும் ஓர் 'இலக்கியப் படைப்பு'. கதை, கவிதைக்கு உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு. படம், இசை, ஒலிக்குத் தனித்தனியாக உரிமை இருக்கிறது. 1989-ல் வந்த பழைய சரக்குதானே, கேட்க யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு ஆபத்து. கடையில் விற்காமல் போய்விட்டது என்பதால் உரிமை காலாவதி ஆகிவிடாது.

கொல்கத்தா சகோதரர்களுக்கு நடந்தது

இந்தியாவிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜெயந்த் அகர்வாலா சகோதரர்கள் 'ஸ்கிராபிள்' என்ற சொல் விளையாட்டை 'ஸ்கிராபுலஸ்' என்ற பெயரில் இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஃபேஸ்புக்கில் அதை லட்சக்கணக்கானோர் விளையாடினார்கள். ஸ்கிராபிளின் உரிமை அமெரிக்கா, கனடாவில் ஹாஸ்ப்ரோவிடமும், மற்ற நாடுகளில் மேட்டலிடமும் இருந்தது. இரண்டு நிறுவனங்களும் நீதிமன்றம் போயின.

மேட்டல் தொடுத்த வழக்கில் 2008 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. விளையாட்டுப் பலகைக்கும் விதிக்கும் காப்புரிமை கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் 'ஸ்கிராபுலஸ்' என்ற பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. அது 'ஸ்கிராபிள்' என்ற வணிகச் சின்னத்தைக் காப்பியடித்த பெயர் என்பது காரணம். சகோதரர்கள் அசரவில்லை. 'லெக்ஸுலஸ்' என்று பெயரை மாற்றி விளையாட்டைத் தொடர்ந்தார்கள். ஆட்டம் தப்பியது, பெயர்தான் மாட்டியது.

அதற்காக, பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று இருந்துவிடவும் முடியாது. 2012-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி நீதிமன்றத்தில் 'டெட்ரிஸ்' வழக்கு வந்தது. எக்ஸியோ என்ற நிறுவனம் 'மினோ' என்று வேறு பெயரில்தான் ஐபோன் கேம் விட்டது. ஆனால் பலகையின் அளவு, கட்டிகளின் தோற்றம், நிறம் எல்லாம் அச்சு அசலாக டெட்ரிஸ். விதியை எடுக்கலாம், தோற்றத்தை அப்படியே எடுக்கக் கூடாது என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் ஆப் கடைகளை நடத்துவது அமெரிக்க நிறுவனங்கள். அங்கே புகார் போனால் கேம் கடையிலிருந்தே காணாமல் போகலாம்.

ஆக, ஏரல் மாணவி தன் நிரலைத் தானே எழுத வேண்டும். வாய்க்காலையும் மடையையும் தானே வரைய வேண்டும். 'பைப்' என்றோ 'மேனியா' என்றோ பெயரில் ஒட்டவைக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். தாமிரபரணியைக் கொண்டுவந்ததே அவருக்குப் பாதி பாதுகாப்பு.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

காசு கேட்காததெல்லாம் இலவசம். அதில் பல கேம்கள் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு விளம்பரம் காட்டிச் சம்பாதிக்கின்றன. கட்டற்ற மென்பொருள் என்பது அதற்கும் மேலே. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் 'பைப்பேனிக்' என்ற குழாய் இணைக்கும் கேம் இப்படிக் கிடைக்கிறது. போனில் வேண்டுமென்றால் சைமன் டாதம் எழுதிய புதிர்த் தொகுப்பில் உள்ள 'நெட்' கேமைப் பார்க்கலாம். இது அதே ஆட்டம் இல்லை, உறவுக்காரர். துண்டுகளைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் ஒரே வலையாக இணைக்க வேண்டும். நேரக் கெடுவும் இல்லை, விளம்பரமும் இல்லை.

எந்த கேமை இறக்கினாலும் அனுமதிப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். குழாய் இணைக்கும் விளையாட்டுக்கு உங்கள் போன் நம்பர் பட்டியலும், நீங்கள் இருக்கும் இடமும் எதற்கு? கேட்டால் மறுத்துவிடலாம். மறுத்தால் ஓடாது என்று அடம்பிடிக்கும் கேமை நீக்கிவிடலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை நிறுவவே வேண்டாம்.

கட்டற்ற கேமின் நிரலை எடுத்துத் திருத்தி வெளியிட நினைப்பவர்கள் அதன் உரிமத்தைப் படிக்க வேண்டும். எம்ஐடி உரிமம் என்றால், எழுதியவரின் உரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும். டாதமின் தொகுப்பு இந்த வகை. ஜிபிஎல் உரிமம் என்றால், திருத்திய கேமை வெளியே கொடுக்கும்போது அதன் நிரலையும் கொடுக்க வேண்டும்.