இரத்தம் சொல்லாத உப்புக் கதை

கழுத்து வீங்கினால் இரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்ப்பினம். அது தைரொயிட்டுச் சுரப்பியைத் தூண்டும் ஓமோனின் அளவு. அயடீனின் அளவு அல்ல. சாப்பிடும் அயடீனில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். அதனால் ஒரு ஊருக்கு அயடீன் போதுமோ எண்டு அறியச் சிறுநீரைத்தான் சோதிப்பினம்.

வளர்ந்தவருக்கு நாளுக்கு 150 மைக்கிரோகிராம் போதும்; கர்ப்பிணிக்கு இன்னும் கூட வேணும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி அதில் தங்கியிருக்கிறது. இலங்கையில் கண்டக்கழலை முன்பு தென்மேற்கு ஈரவலயத்தில்தான் அதிகமாக இருந்தது. என்றாலும் 1995இல் நாடு முழுவதற்கும் அயடீன் கலந்த உப்பு கட்டாயமானது.

அதே 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. எங்கட அம்மாமார் மூட்டை முடிச்சோடு தென்மராட்சி வீதியில். குடாநாட்டின் வாசலில் இருக்கிற ஆனையிறவு உப்பளமோ 1990 தொடக்கம் போரால் மூடிக் கிடந்தது.

2025 மார்ச்சில் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறந்தாச்சு. ஆனால் அந்த ஆண்டுகளில் எங்கட அடுப்படியில் இருந்தது என்ன உப்பு? சிறுநீர்ச் சோதனை அண்மைய நாட்களைத்தான் காட்டும். முப்பது வருசத்துக்கு முந்தியதை எந்த ஆய்வுகூடமும் சொல்லாது. அம்மாமாரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டியது நாங்கள்தான்.