ஆண்கள் 200 மீற்றர் ஓட்டம் (பாரிஸ், 1900)

1900 ஜூலை 22 ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக்கில் நடைபெற்ற குறுந்தூர ஓட்டம். ஒலிம்பிக் மெய்வல்லுநர் போட்டிகளில் 200 மீற்றர் சேர்க்கப்பட்டது இதுவே முதல் தடவை. 1896 இல் ஏதென்சில் குறுந்தூரத்தில் 100, 400 மீற்றர் ஓட்டங்கள் மட்டுமே இருந்தன.

போட்டி நடந்த இடம் போலோன் காட்டுக்குள் இருந்த குரோவா கத்தலான் திடல். 500 மீற்றர் சுற்றளவு, புல் தரை, அதுவும் மேடும் பள்ளமும். திடலுக்குள் நின்ற மரங்களில் பரிதிவட்டம் போய் மோதியது. புல்லைச் செருக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டு இல்ல விளையாட்டுப் போட்டி வைக்கும் விசுவமடுப் பக்கத்து ஆட்களுக்கு இந்தத் திடலை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. உலகக் கண்காட்சியின் ஒரு மூலையில் நடந்ததால், தாங்கள் ஓடுவது ஒலிம்பிக்கில் என்பதே ஓடியவர்களில் பலருக்குத் தெரியாது.

அமெரிக்கரான வோல்டர் டியூக்ஸ்பரி 22.2 செக்கனில் வென்றார். நோர்மன் பிரிச்சர்ட் 22.8 செக்கனில் இரண்டாவது. அவுஸ்திரேலியரான ஸ்டான் ரௌலி 22.9 செக்கனில் மூன்றாவது. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று கொடுக்கும் வழக்கம் 1904 இல்தான் வந்தது. ஆகவே பிரிச்சர்டின் ‘வெள்ளி’ பின்னாளில் கணக்கெழுதியவர்கள் கொடுத்தது.

அந்தக் கணக்கு எந்த நாட்டுக்கு என்பதில்தான் இந்த ஓட்டத்தின் வரலாறு முடிச்சு விழுந்து கிடக்கிறது. பிரிச்சர்ட் 1875 இல் கல்கத்தாவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். அங்கே சென் சேவியர் கல்லூரியில் படித்தார். வங்காள மாகாண 100 யார் ஓட்டத்தில் 1894 முதல் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அவரே முதலாவது. உதைபந்தாட்டத்திலும் கெட்டிக்காரர். 1900 இல் இங்கிலாந்து போயிருந்தவர் லண்டன் போட்டிகளில் ஓடிவிட்டு அப்படியே பாரிசுக்குப் போனார். அங்கே 200 மீற்றர் தடைதாண்டலிலும் அமெரிக்கரான கிரென்ஸ்லைனுக்கு அடுத்ததாக வந்தார். சர்வதேச ஒலிம்பிக் குழு இரண்டு பதக்கங்களையும் இந்தியாவின் பெயரில் எழுதுகிறது. சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனத்தின் புள்ளிவிவர நூலோ அவரைப் பிரித்தானியராகக் காட்டியது. பேரரசின் குடிமகனாக ஓடியவரைப் பிறகு வந்த கொடிகளுக்குள் பங்கிடப் பார்த்தால் இழுபறி வராமல் என்ன செய்யும்? பிறந்து வளர்ந்து ஓடிப் பழகிய ஊரைக் கொண்டு பார்த்தால் இந்தியா என்பதே பொருத்தம். பிரிச்சர்டுக்கு இதில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. நோர்மன் ட்ரெவர் என்று பெயரை மாற்றி நடிக்கப் போனார். ஹொலிவூட் மௌனப் படங்களில் நடித்து, 1929 இல் லொஸ் ஏஞ்சல்சில் இறந்தார்.

இதே 200 மீற்றர் ஓட்டம் பின்னாளில் இலங்கைக்கும் ஒரு பதக்கம் தந்தது. இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கம் 1948 இல் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் வாங்கிய வெள்ளி. பாரிசுக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2000 இல் சிட்னியில், பெண்கள் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தார். அதில் முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்த பிறகு அந்த வெண்கலம் வெள்ளியானது. மின்னணுக் கடிகாரத்தையும் செயற்கைத் தடத்தையும் புல் தரையோடு ஒப்பிடுவது நியாயமில்லைத்தான். ஆனாலும் சுசந்திகா ஓடிய நேரம் 22.28 செக்கன், பிரிச்சர்டை விட அரைச் செக்கன் குறைவு.