ஆற்று மீனும் பாதரசமும்: கிராசி நாரோஸ் தொல்குடியினரின் உணவு வரலாறு

முன்னுரை

தொல்குடி மக்களின் உணவு, அவர்கள் வாழும் நிலத்தோடும் நீரோடும் பிரிக்கவியலாத தொடர்புடையது. அந்நீரில் நஞ்சு கலக்குமாயின் கேடு உடலளவில் நிற்பதில்லை. தொழிலையும் மரபறிவையும் அது தாக்குகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாழும் கிராசி நாரோஸ் மக்களின் மீனுணவில் பாதரசம் புகுந்த வரலாற்றையும், அதற்குக் காணப்பட்ட தீர்வுகளின் போதாமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மக்களும் மீனும்

கிராசி நாரோஸ் மக்கள் ஆனிஷினாபே இனத்தவர். 1873ஆம் ஆண்டின் மூன்றாம் உடன்படிக்கை, வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் அவர்களுக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. இங்கிலிஷ் – வாபிகூன் ஆற்றுத் தொகுதியின் வால்ஐ, பைக் ஆகிய மீன்கள் அவர்தம் முதன்மை உணவாக விளங்கின. மீன் விற்பனையும், தூண்டில் மீன்பிடிப்புக்கு வரும் பயணிகளுக்கு வழிகாட்டும் பணியும் வருவாய் தந்தன. உணவும் ஊதியமும் ஒரே ஆற்றிலிருந்து கிடைத்தன எனலாம்.

பாதரசம் புகுந்த வழி

ஆற்றின் மேற்பகுதியிலுள்ள டிரைடன் நகரில், காகிதக்கூழை வெளுக்கத் தேவையான குளோரினை உற்பத்தி செய்யும் ஆலை பாதரசத்தைப் பயன்படுத்தியது. 1962 முதல் 1970 வரை சுமார் 9,000 கிலோ பாதரசம் ஆற்றில் விடப்பட்டது. சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிற்றுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செல்லுந்தோறும் அதன் செறிவு பெருகுகிறது. ஆதலின், பிற மீன்களை உண்ணும் வால்ஐ, பைக் ஆகியவற்றில் அது மிகுதியாகக் காணப்படுகிறது. மெத்தில் பாதரசம் மீனின் தசைப்புரதத்தோடு பிணைந்து நிற்பது. தோலை உரித்தாலும் சமைத்தாலும் நீங்குவதில்லை. மீனின் நிறமோ மணமோ சுவையோ அதனால் மாறுவதுமில்லை. நல்ல மீனைக் கண்டறியத் தலைமுறைகளாகப் பயன்பட்ட அறிவு இந்நஞ்சின் முன் பயனற்றுப்போனது.

தடையும் விளைவும்

1970இல் மாகாண அரசு அவ்வாற்றில் வணிக மீன்பிடிப்பைத் தடைசெய்தது. ஆயினும் பயணிகளின் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு முழுத்தடை விதிக்கப்படவில்லை. பிடிக்கலாம், உண்ணலாகாது என்னும் அறிவுரை விருந்தினருக்குப் பொருந்தலாம்; அம்மீனையே உண்டு வாழ்ந்தவர்க்கு அது உணவிழப்பாயிற்று. புகழ்பெற்ற மீன்பிடி விடுதி மூடப்பட்டதால் வழிகாட்டிகள் பலர் வேலையிழந்தனர்.

1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோயை ஆராய்ந்த மருத்துவர் ஹரடா மசசூமி, 1975இல் கிராசி நாரோஸுக்கு வந்து மக்களைப் பரிசோதித்தார். கைகால் மரத்தல், பார்வைப்புலம் சுருங்குதல் முதலிய அறிகுறிகளை அங்கும் கண்டார். 1980களின் நடுப்பகுதியில் ஏற்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டின்படி, பாதிக்கப்பட்டோருக்கு உதவித்தொகை வழங்கத் தனி வாரியம் அமைக்கப்பட்டது. எனினும் ஆற்றடிச் சேறு தூய்மை செய்யப்படவில்லை. அதற்கென 8.5 கோடி கனடிய டாலர் ஒதுக்குவதாக ஒன்டாரியோ அரசு அறிவித்தது 2017இல்தான். பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு இல்லம் குறித்து நடுவண் அரசுடனான உடன்பாடு 2020இல் கையெழுத்தானது.

முடிவுரை

மீன் புரதமும் நற்கொழுப்பும் நிறைந்த உணவு. அதனைத் தவிர்க்கச் சொல்லும் அறிவுரை ஓரிடரைக் குறைக்கிறது. ஆனால் மாற்றுணவைத் தேடும் சுமையை உண்பவர்மீதே ஏற்றுகிறது. ஆலை ஆற்றில் விட்டதற்கு விலையாக, உடன்படிக்கை ஏற்ற உரிமையை மக்கள் தாமே கைவிட நேர்ந்தது. உண்ணத்தக்க மீன் இல்லாத ஆற்றில் மீன்பிடி உரிமை ஏட்டளவிலேயே நிற்கும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.