உபதேசியார் சம்பளத்தில் போதகர் வேலை

வரவு குறைந்துவிட்டது, ஆளைக் குறைக்க வேண்டும் என்று ஒரு திருச்சபையின் நிர்வாகக் குழு பேச ஆரம்பித்தால், பேச்சு எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும். போதகர் சம்பளத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். கிராமத்து உபதேசியார், பள்ளி ஆயா, ஆலயம் கூட்டுகிறவர் என்று பட்டியலின் அடியிலிருந்துதான் கணக்குப் போடுவார்கள். "இது வெறும் பட்ஜெட், இதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களை 18ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடிக்கு அழைக்கிறேன். பட்டியலின் அடியில் யார் நிற்க வேண்டும் என்பது அங்கேதான் முடிவானது.

1706 ஜூலையில் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். பணம் டென்மார்க் அரசரிடமிருந்தும், ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தர்களிடமிருந்தும், பிறகு லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்திடமிருந்தும் வந்தது. மூன்றும் கடல் கடந்து வர வேண்டிய பணம். கப்பல் தாமதமானால் பள்ளிக்கூடத்தில் சோறு இல்லை. போதாக்குறைக்கு, கோபன்ஹேகன் மிஷன் குழுவின் செயலாளர் வெண்ட் என்பவர், அப்போஸ்தலர்களைப் போல மிஷனரிகள் எளிமையாக ஊர் சுற்றட்டும், கட்டடத்துக்கும் பள்ளிக்கும் ஏன் இவ்வளவு செலவு என்று கடுமையாகக் கடிதம் எழுதினார். 1719இல் 36 வயதில் இறந்த சீகன்பால்கின் கடைசி மாதங்களை வதைத்தவற்றில் அந்தக் கடிதமும் ஒன்று. ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு தரங்கம்பாடியில் சிக்கனம் போதிப்பது எளிது.

சிக்கனத்துக்கு ஒரு வழி ஊர் ஆட்களை வைத்துக்கொள்வது. ஐரோப்பியருக்குச் செலவு அதிகம், தமிழ்ப் போதகருக்குக் குறைவு, உபதேசியாருக்கு அதைவிடக் குறைவு. அதோடு, தஞ்சை மராட்டிய அரசரின் நாட்டுக்குள் வெள்ளைக்காரர்கள் நினைத்தபடி நுழைய முடியாது. கிராமங்களில் சபை வளர்த்ததெல்லாம் தமிழ் ஊழியர்களே. 1733 டிசம்பரில் வெள்ளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் லுத்தரன் போதகர் என்று இன்றும் கொண்டாடப்படுகிறவர். கொண்டாடட்டும், தவறில்லை.

அதே காலத்தில் இராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர். தஞ்சை அரசரின் படையில் வேலை பார்த்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தமிழில் அச்சான வேதப் பகுதிகளைத் தானே படித்துவிட்டுத் தரங்கம்பாடியைத் தேடி வந்தவர். உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் சபையைக் கட்டினார். எதிர்ப்பும் மிரட்டலும் தாங்கினார். இரண்டாவது தமிழ்ப் போதகரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் வந்தபோது அவர் பெயரும் பேசப்பட்டது. அவருடைய தகுதியில் மிஷனரிகளுக்குச் சந்தேகம் இல்லை. அவர் கையால் கொடுக்கும் நற்கருணையை மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வாங்கத் தயங்குவார்களே என்பதுதான் அவர்களுடைய கவலை. 1741இல் தியோகு என்பவருக்குப் பட்டம் கிடைத்தது. 1749இல் ஆம்புரோஸ் என்பவருக்கு. இராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இதை வழக்கமாகத் தீண்டாமை என்ற ஒற்றைச் சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறோம். நான் இதில் இருக்கும் கணக்கையும் பார்க்கச் சொல்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு போதகரின் உழைப்பை உபதேசியார் சம்பளத்தில் மிஷன் பெற்றுக்கொண்டது. மேல்சாதியாரின் மனம் கோணாமல் பார்த்துக்கொண்டதற்கான செலவை அவர்கள் கட்டவில்லை, இராஜநாயக்கன் கட்டினார். பாகுபாடு ஒரு நிறுவனத்துக்கு லாபமாகவும் அமைய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையா?

பிறகு பணமே வற்றியது. நெப்போலியன் போர்களில் ஆங்கிலேயர் 1808இல் தரங்கம்பாடியைப் பிடித்து 1815வரை வைத்திருந்தார்கள். 1813இல் டென்மார்க் அரசே திவாலானது. மிஷனரி ஜான் அந்த ஆண்டே இறந்தார். அவர் தொடங்கிய இலவசப் பள்ளிகளை நடத்த ஆங்கிலேயச் சங்கத்தின் பணத்தை எதிர்பார்க்க வேண்டிய நிலை. 1820இல் தஞ்சைப் பகுதியில் இருந்த 11 சபைகள் ஆங்கிலேயர்களின் மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டன. இராஜநாயக்கனைப் போன்றவர்கள் நடந்து நடந்து சேர்த்த மக்கள், கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றப்பட்டார்கள். கடைசி மிஷனரி கெம்மரர் 1837இல் இறந்தார். 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் 12.5 லட்சம் ரூபாய்க்குக் கம்பெனியிடம் விற்றது.

மறுபடி ஜெர்மனியிலிருந்து பணம் வந்தது லைப்சிக் மிஷன் வழியாக. இதற்குள் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். அது பிடிக்காத வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் லைப்சிக் பக்கம் வந்தார்கள். சாதி என்பது சமூக வழக்கம், பொறுத்துக்கொள்ளலாம் என்று அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் கருதினார். 1741இல் சாதி பார்க்கிறவர்களுக்காக ஒருவருக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. நூறு வருடம் கழித்து, சாதியை விடாதவருக்கே பட்டம் கொடுக்கலாமா என்று வாதம் நடந்தது. அந்தச் சண்டையில் கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி லைப்சிக்கை விட்டு வெளியேறினார். பிறகு டேனிஷ் மிஷனோடு சேர்ந்து, பண்ருட்டிக்குப் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் வேலை செய்தார்.

இன்று சபை உங்களுடையது, காணிக்கையும் உங்களுடையது. அடுத்த வரவு செலவுக் கூட்டத்தில் ஆட்குறைப்புப் பட்டியல் வாசிக்கப்படும்போது, மொத்தத் தொகையோடு விட்டுவிடாதீர்கள். பதவிவாரியாகச் சம்பளம் எவ்வளவு, அந்தப் பதவியில் ஒவ்வொருவரும் எத்தனை வருடமாக இருக்கிறார்கள், பதவி உயர்வுக்கு அவர்கள் பெயர் எப்போதாவது பேசப்பட்டதா, பேசப்பட்டிருந்தால் என்ன காரணம் சொல்லி நிறுத்தினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.