துருவுக்கு ஒட்டுப் போட வைத்த சட்டம்

பழைய கார்களின் அடிப்பாகத்தில் துருப்பிடித்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் தொழில் பிரிட்டனில் ஒரு காலத்தில் சந்துக்குச் சந்து நடந்தது. ஏன் என்று கேட்டால், மழையையும் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பையும் காட்டிவிடுவார்கள். துரு ஏறியதற்கு அது சரியான காரணம்தான். ஆனால் துரு ஏறுவது வேறு, அதற்காகக் கைக்காசைச் செலவழித்துப் பற்றவைப்பது வேறு. செலவழிக்க வைத்தவை, மாறிப்போன கார்க் கட்டமைப்பும் அதற்குப் பின்னால் வந்த சட்டமும்தான் என்பது என் கணிப்பு.

முன்பு காருக்குத் தனிச் சேஸி இருந்தது. பாடி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. கதவு இற்றுப்போனாலும் வண்டி ஓடும். 1922-இல் லான்சியா லாம்டாவும் 1934-இல் சித்ரோயனும் பாடியையே எலும்புக்கூடாக்கின. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வந்த மோரிஸ் மைனரும் இந்த வழியில் வந்ததே. அதன் முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள், முன்சீட்டுப் பக்கம் தரைக்கடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். அந்தக் குறுக்குச் சட்டத்தின் இரு கோடிகளும் கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியோடு சேரும். அந்தப் பெட்டிக்குள் தண்ணீரும் சேறும் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தகடு எத்தனை நாள் தாங்கும்? ஓட்டை விழுந்தால் போவது அழகு மட்டுமல்ல, சக்கரத்தின் பிடிமானமும்தான்.

கட்டமைப்பு மட்டுமே தொழிலை உண்டாக்கிவிடாது என்பதற்கு நம் அம்பாசடரே சாட்சி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அதுவும் தனிச் சேஸி இல்லாத வண்டிதான். நம் டிங்கரிங் பட்டறைகளில் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. சொந்தக் காரின் அடிவயிற்றை ஆண்டுதோறும் தட்டிப் பார்க்க இங்கே எந்த அதிகாரியும் வரவில்லை. பிரிட்டனிலும் 1960-இல் போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்பிள்ஸ் கொண்டுவந்த எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனை, முதலில் பத்து வயதைத் தாண்டிய வண்டிகளின் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றையே பார்த்தது. 1967-இல் வயது வரம்பு மூன்றாகக் குறைந்தது. பாடியின் துரு சோதனைக்குள் வந்தது 1977-இல்தான். சஸ்பென்ஷன், சீட் பெல்ட் போன்றவை மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு இற்றிருந்தால் வண்டி தோற்றது. சோதிப்பவர் கட்டைவிரலால் அழுத்துவார், சிறு சுத்தியலால் தட்டுவார். ‘டங்’ என்பதற்குப் பதில் ‘டொப்’ என்றால் கதை முடிந்தது. பட்டி, ஃபைபர் கிளாஸ், ரிவெட் எதுவும் செல்லாது. ஒட்டின் ஓரம் முழுவதும் விடாமல் வெல்டிங் ஓடியிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லையேல் சாலை வரி கட்ட முடியாது. மெல்லிய தகட்டைக் கேஸ் வெல்டிங்கின் சூடு நெளித்துவிடும். அந்தத் தொல்லையைக் குறைத்த மிக் வெல்டிங் மெஷின் சிறு பட்டறைகளுக்கும் கட்டுப்படியாகவே, தொழில் பெருகியது. மைனர் தகடுகளுக்கு இருந்த தேவையால், கார் உற்பத்தி நின்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1990களில், இலங்கையின் காலி நகரில் அவற்றைச் செய்து பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். மழை 1977-இல் தொடங்கியதல்ல.

சட்டத்தைவிடச் சந்தைதான் வலியது என்று மறுப்பவர்கள் லான்சியா பீட்டாவைச் சொல்வார்கள். அதன் துரு 1980-இல் பத்திரிகைகளில் நாறியபோது, நிறுவனமே பிரிட்டனில் பல வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. உண்மைதான். ஆனால் சந்தையின் நெருக்கடி தயாரிப்பாளர்களைத் துத்தநாகப் பூச்சுப் பக்கம் தள்ளியது: போர்ஷே 1970களின் நடுவிலும், ஆடி 100 1980களின் நடுவிலும் அதற்கு மாறின. அது இந்தத் தொழிலை ஒடுக்கிய கதையே தவிர, வளர்த்த கதையல்ல.

இன்னொரு மறுப்பு கனமானது. 2018 முதல் நாற்பது வயதைக் கடந்த பெரும்பாலான கார்களுக்கு எம்ஓடி கட்டாயமில்லை. இருந்தும் மைனர்காரர்கள் வெல்டிங்கை விடவில்லை. இங்கே என் வாதம் கொஞ்சம் தளர்கிறது, ஆசைக்கும் பங்குண்டு. ஆனால் அவர்கள் செய்யும் வேலையைக் கவனியுங்கள். புதுத் தகடு வைக்குமுன், பழைய துருவின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும் ஒட்டுத் தகடுகளை முதலில் கிரைண்டரால் அறுத்தெடுக்கிறார்கள். அவற்றில் பல, அடுத்த சோதனையில் தேறினால் போதும் என்று போடப்பட்டவை.